யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் கல்யாணப் பயணம்: எந்த வழியால் போவது?

நல்லூர்த் தங்கச்சி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். பெண் வீடு திருகோணமலை, உவர்மலை. சடங்கும் அங்கேதான், மண்டபத்தில். வெள்ளிக்கிழமை காலை 8.50 முதல் 10.15 வரை முகூர்த்தம். 10.30க்கு ராகு காலம் தொடங்குவதால், பிந்தி வந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஐயர் இப்போதே சொல்லிவிட்டார்.

நாங்கள் மாப்பிள்ளை பக்கம். கூறை, தாலி, பலகாரம் எல்லாம் எங்களோடுதான் வர வேண்டும். ஒரு ஹயஸ் வான், பதினொரு பேர். வியாழன் இரவு பன்னிரண்டு மணிக்கு வெளிக்கிட்டால் விடிய ஐந்து மணிக்குப் போய்ச் சேரலாம், குளித்து உடுத்துக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போகலாம், அறைக் காசு மிச்சம் என்பது மாமாவின் கணக்கு. அம்மாவுக்கும் எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் மாமாவோடு எதிர்த்துக் கதைக்க எங்களிடம் சரியான காரணம் வேண்டும்.

அதைவிட முக்கியமானது அம்மம்மா. அவருக்கு இப்போது 80 வயது. பிறந்தது திருகோணமலைக்குக் கிட்ட, சாம்பல்தீவு. கோணேசர் கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தபோது அவருக்குப் பதினெட்டு வயதாம், அந்தக் கூட்டத்தில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை இன்றைக்கும் சொல்வார். அடுத்த வருடம் கல்யாணம் முடித்து யாழ்ப்பாணம் வந்தவர். 1985க்குப் பிறகு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. முதலில் சண்டை, பிறகு ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு காரணம். இந்தக் கல்யாணம் என்று கேட்ட நாளிலிருந்து ஒரே ஒரு கதைதான்: "கடல் இடக்கைப் பக்கம் வரவேணும் பிள்ளை, அப்பதான் ஊர் வருது எண்டு அர்த்தம்." வரைபடத்தை எப்படித் திருப்பிப் பார்த்தும் எனக்கு அது விளங்கவில்லை. வவுனியாப் பாதையில் கடலே இல்லையே?

வழி, நேரம், தங்குமிடம், எதுவென்றாலும் சொல்லுங்கள்.

வவுனியா வான்காரன்

தங்கச்சி, நான் பதினாறு வருடமாக வான் ஓடுகிறேன். கல்யாண ஓட்டம்தான் கூட. முதலில் தூரத்தைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறக்குறைய 140 கிலோமீற்றர், ஏ9 வீதி. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை, அங்கிருந்து ஏ12 வீதியில் முதலிக்குளம், பன்குளம் தாண்டித் திருகோணமலை. அது இன்னொரு நூறு. ஆக 240 கிலோமீற்றர். பகலில் நின்று நின்று போனால் ஆறு மணித்தியாலம்.

இரவில் ஐந்து மணித்தியாலம் என்று மாமா சொல்வது கணக்கில் சரி. ஆனால் அந்த ஐந்து மணித்தியாலத்தில் சாரதிக்கு நித்திரை எப்போது? வியாழன் பகல் முழுக்க அவர் வேறு ஓட்டம் ஓடியிருப்பார். ஆவணி கல்யாண மாதம், ஒருவரும் வானைச் சும்மா நிறுத்தி வைக்க மாட்டார்கள். விடிய மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் இடையில்தான் கண் சொருகும். நேரான வீதி, எதிரில் வெளிச்சம் இல்லை, வானுக்குள் எல்லோரும் நித்திரை. அந்த நேரத்தில் நானே இரண்டு தடவை வீதியை விட்டு இறங்கப் பார்த்திருக்கிறேன். கடவுள் காப்பாற்றினார். அதற்குப் பிறகு இரவுக் கல்யாண ஓட்டத்துக்கு நான் சம்மதிப்பதில்லை, எவ்வளவு தந்தாலும்.

இரண்டாவது, யானை. ஹொரவப்பொத்தானைப் பக்கமும் அதைத் தாண்டியும் இருட்டினால் வீதிக்கு வரும். ஆவணி வரட்சியான காலம், குளங்கள் வற்றத் தண்ணீர் தேடி அலையும். தாரில் நிற்கிற யானையை வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பாக ஒன்றும் தெரியாது, கிட்டப் போன பிறகுதான் கால் தெரியும். அப்படி எதிர்ப்பட்டால் ஹோன் அடிக்க வேண்டாம், லைட்டை விட்டு விட்டு அடிக்க வேண்டாம், ஒருவரும் இறங்க வேண்டாம். தூரத்திலேயே நிறுத்தி அது போகும்வரை பொறுத்திருங்கள். பின்னால் எடுப்பதற்கு இடம் விட்டு நிறுத்துங்கள்.

மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்: ஒரு அறைக் காசை மிச்சம் பிடிக்கப் பதினொரு பேரைப் பணயம் வைக்க வேண்டாம்.

உவர்மலை வாசி

வான்காரர் சொல்வதுதான் சரி. வியாழன் விடியவே வெளிக்கிட்டு மத்தியானம் வந்து சேருங்கள். பின்னேரம் ஓய்வு. ஆனால் தங்குமிடத்தை இன்றைக்கே பிடித்து வையுங்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையும் எங்கள் கடல் அமைதியாக இருக்கும், நிலாவெளியும் உப்புவெளியும் வெளிநாட்டுக்காரரால் நிறைந்துவிடும், அறை விலையும் ஏறும். கடற்கரையை விட்டு உள்ளே, டவுனுக்குள் பார்த்தால் மலிவாகக் கிடைக்கும், மண்டபத்துக்கும் கிட்ட.

இன்னொன்று. பொன்னுருக்கின பிறகு, அதாவது தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்குக்குப் பிறகு, பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறை வரை ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிற வழக்கம். மாமா சொல்கிறபடி விடிய வந்து பெண் வீட்டில் குளித்து உடுத்தால் அது எப்படி நடக்கும்? மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு வீடு வேண்டும். அங்கிருந்துதான் மாப்பிள்ளை அழைப்பும் நடக்க வேண்டும். காசுக் கணக்கை விட இந்தக் காரணத்தை உங்கள் மாமா மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மட்டுநகர் மருமகள்

நான் மட்டக்களப்பிலிருந்து கிண்ணியாவுக்கு அடிக்கடி போய்வருகிறவள். உங்கள் பாதை வேறு, இருந்தாலும் முதல் நாளே போய்ச் சேருங்கள் என்று நானும் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் பெரியக்காவின் கல்யாணம் திருகோணமலையில், கிண்ணியாப் பாலம் வருவதற்கு முந்திய காலம். அப்போது அங்கே பாதைதான், அதாவது வாகனத்தை ஏற்றி அக்கரை கொண்டுபோகும் மிதவை. மாப்பிள்ளை பக்கம் மூதூரிலிருந்து வந்தவர்கள் துறையில் நின்று நின்று, பாதை அக்கரையில் மாட்டிக்கொண்டதால் இரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டார்கள். மணவறையில் அக்கா உட்கார்ந்திருந்த அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கூறை அவர்களிடம். தாலியும் அவர்களிடம். ஐயர் மந்திரத்தை நீட்டி நீட்டிச் சொன்னார், அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்? கடைசியில் வேறு நேரம் குறித்து, பின்னேரம்தான் தாலி கட்டினது.

2009 ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். இப்போது இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவை அதில் போகும்போதும் அக்காவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும். தாலியும் கூறையும் முகூர்த்தத்துக்கு முந்திய இரவே ஊருக்குள் வந்துவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாம்பல்தீவுப் பெடியன்

அக்கா, அம்மம்மா சொன்ன கடல் விஷயம் எனக்கு விளங்கிவிட்டது!

அவர் சாம்பல்தீவிலிருந்து டவுனுக்குப் படிக்கவோ கடைக்கோ பஸ்ஸில் வந்தவராக இருப்பார். எங்கள் ஊர் டவுனுக்கு வடக்கே, நிலாவெளி வீதியில். கடல் கிழக்கில். ஆகவே ஊரிலிருந்து டவுனுக்கு வரும்போது கடல் இடக்கைப் பக்கம்தான் வரும், உப்புவெளி கடந்து வரும்வரை மரங்களுக்கு இடையால் விட்டு விட்டுத் தெரியும். அவர் சொல்கிற "ஊர் வருது" என்பது திருகோணமலை டவுன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டவுன்தான் பெரிய ஊர்.

நீங்கள் வவுனியா வழியால் வந்தால் கன்னியாப் பக்கமாகக் காட்டுக்குள்ளால்தான் நுழைவீர்கள். டவுனுக்குள் வந்து சேரும்வரை கடலே தெரியாது. அம்மம்மா ஏமாந்து போவார். முல்லைத்தீவு, புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி என்று கரையோரமாக வடக்கிலிருந்து இறங்கினால் அவர் சொன்னபடியே கடல் இடப்பக்கம். அந்த வழியாலேயே கூட்டி வாருங்களேன்!

நல்லூர்த் தங்கச்சி

தம்பி, இதை வாசித்துவிட்டு அம்மம்மாவிடம் கேட்டேன். அவர் அழுதுவிட்டார். "ஓம், பள்ளிக்கூட பஸ். நான் எப்பவும் இடப்பக்க யன்னல்தான்." அறுபது வருடமாக எங்களுக்கு விளங்காமல் இருந்ததை ஒரே பதிலில் சொல்லிவிட்டாய். மிகவும் நன்றி.

அப்படியென்றால் கரையோரப் பாதைதானா? வான்காரர் அண்ணா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வவுனியா வான்காரன்

மனதுக்கு எனக்கும் அந்த ஆசைதான் தங்கச்சி. ஆனால் கொக்கிளாய்க்கும் புல்மோட்டைக்கும் நடுவில் களப்பு இருக்கிறது. நான் போனபோது அதன் வாயில் பாலம் இல்லை, வானோடு உள்பக்கத்தால் சுற்றித்தான் புல்மோட்டைக்கு வந்தேன். நேரம் கூட எடுக்கும். வழியில் ரயர் காற்றுப் போனால் கடை தேடி அலைய வேண்டும். 80 வயது மனுசி, கைப்பையில் தாலி, அடுத்த நாள் முகூர்த்தம். வேண்டாம்.

நான் இப்படிச் சொல்வேன். போகும்போது வவுனியா வழி. கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாள் மிச்சம் வையுங்கள். அன்றைக்கு அம்மம்மாவை வடக்கே குச்சவெளி வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டு வாருங்கள். இறக்கக்கண்டியில் பாலம் இருக்கிறது, பாதை நல்லது. அவசரம் இல்லாமல் இடப்பக்க யன்னலில் இருந்து பார்க்கட்டும்.

வெள்ளவத்தை மாமி

எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நாங்கள் கொழும்பிலிருந்து போகிறவர்கள், குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி, 260 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அந்தப் பக்கமும் ஹபரணை தாண்டினால் யானைதான். கந்தளாயில் சட்டித் தயிர் வாங்காமல் நாங்கள் ஒருநாளும் வந்ததில்லை.

நான் சொல்ல வந்தது சாமான் விஷயம். மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவள் என்றபடியால் சொல்கிறேன்.

தாலியை மஞ்சள் துணியில் முடிந்து, அம்மாவின் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் வைக்க வேண்டாம். கூறையை வான் கூரையில் கட்டுகிற பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம், கச்சான் காற்றுக் காலத்து வெயிலுக்கு அந்தப் பெட்டி அடுப்புப் போலக் கொதிக்கும். மடியில் வைத்துக்கொண்டு வருவதற்கு ஒரு சித்தியோ மச்சாளோ கிடைப்பார்கள். மாலையை யாழ்ப்பாணத்தில் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். வாடிவிடும். திருகோணமலையிலேயே சொல்லி வையுங்கள். பயற்றம் பணியாரம் குலுங்கினால் உடைந்து மாவாகிவிடும், அதைத் தகர டின்னில் கடதாசி விரித்து இறுக்கி அடுக்க வேண்டும். அரியதரமும் முறுக்கும் தாங்கும்.

பிறகு ஒன்று, எல்லோரும் மறப்பது: தோழனுக்குப் போடுகிற மோதிரம். பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்கும்போது மாப்பிள்ளை அந்தத் தம்பியின் விரலில் போட வேண்டுமே. எங்கள் இரண்டாவது மகனின் கல்யாணத்தில் தாலி, கூறை, குங்குமம் எல்லாம் சரி, மோதிரம் மட்டும் வீட்டில் சாமித்தட்டில். எங்கள் அவர் தன் விரலில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அவருடைய கல்யாண மோதிரம் அது. இன்றைக்கும் அது சம்பந்தி வீட்டுப் பிள்ளையின் கையில்தான்.

கொடிகாமம் சிவா

2022இல் நாங்கள் இதே பாதையில் கல்யாணத்துக்குப் போனோம், எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம். கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் பங்கு வாங்குகிற முறை வந்த புதிதில் வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றர். எங்கள் வான் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும். 20 லீற்றரில் 200 கிலோமீற்றர், போகவே போதாது. சொந்தக்காரர் நாலு வீட்டில் தங்கள் மோட்டார் சைக்கிள் பங்கில் மிச்சம் பிடித்து உதவினதால்தான் போய் வந்தோம். இருபது பேர் போக வேண்டிய இடத்துக்கு ஏழு பேர் போனோம். அப்பப்பா வரவில்லை, அடுத்த வருடம் அவர் காலமாகிவிட்டார். அக்கா, அம்மம்மாவை எப்படியாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

ஸ்காபரோவிலிருந்து ராதா

நாங்களும் கனடாவிலிருந்து இந்த ஆவணியில் வருகிறோம். வரும் வழியில் கன்னியா வெந்நீர் ஊற்றில் இறங்கலாமா? பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. கல்யாண வானில் போகிறபடியால் கேட்கிறேன்.

உவர்மலை வாசி

ராதா, கட்டாயம் காட்டுங்கள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம், வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். டவுனுக்கு எட்டுக் கிலோமீற்றர் முன்னால், பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. ஆனால் திரும்பிப் போகும்போது இறங்குங்கள். இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதீகம், எங்கள் ஆட்கள் இறந்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கடமைகளுக்கும் அங்கே போவார்கள். கல்யாணத்துக்குப் போகிற வழியில் மாப்பிள்ளையோடு அங்கே இறங்குவதை வீட்டுப் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள். தனியாகப் போகிறவர்களுக்கு அந்த யோசனை தேவையில்லை.

கோணேசர் கோயிலுக்கு அம்மம்மாவை நடத்திக் கூட்டிப் போக வேண்டாம் தங்கச்சி. கோட்டை வாசலுக்கு உள்ளே நல்ல ஏற்றம். ஓட்டோ பிடியுங்கள். போகிற வழியில் மான்கள் நிற்கும், பொலித்தீன் பையோடு தின்னக் கொடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நல்லூர்த் தங்கச்சி

மாமா சம்மதித்துவிட்டார். பொன்னுருக்கு விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் கதைக்கவில்லை. "அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். வியாழன் விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடுகிறோம். போய்வந்து எழுதுகிறேன்.

நல்லூர்த் தங்கச்சி

எல்லோருக்கும் நன்றி. திரும்பி வந்து மூன்று நாள் ஆகிறது. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

ஐந்து மணி என்று சொன்னது ஐந்தரை ஆகிவிட்டது, நிறைகுடத்தடியில் தேங்காய் வைக்க மறந்து திரும்பவும் ஒரு ஓட்டம். ஆனையிறவில் சூரியன் நல்லாய் ஏறிவிட்டது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, அம்மம்மாவை இறக்கிக் காலை நீட்டி நடக்க வைத்தோம். வவுனியாவில் சாப்பாடு. அதற்குப் பிறகு கழிப்பறைக்கு நல்ல இடம் குறைவு, வயதானவர்களோடு போகிறவர்கள் வவுனியாவிலேயே எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள். ஹொரவப்பொத்தானை தாண்டி வீதியோரத்தில் காய்ந்த யானைச் சாணம் கிடந்தது. யானை ஒன்றும் வரவில்லை.

பன்குளத்தில் அம்மம்மா யன்னலைத் திறக்கச் சொன்னார். காற்றில் உப்பு இல்லை என்றார். டவுனுக்குள் வந்ததும் "இது எந்த இடம்?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த பக்கமாக நாங்கள் வரவில்லையே. அன்றைக்கு இரவு சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா பயந்துவிட்டார்.

கல்யாணம் மிக நல்லாய் நடந்தது. எட்டு மணிக்கே மண்டபத்தில் நின்றோம். தோழனுக்கு மோதிரம் போடும்போது எனக்கு வெள்ளவத்தை மாமியின் ஞாபகம்தான், உங்களால்தான் அது பெட்டிக்குள் இருந்தது. 9.40க்குத் தாலி கட்டினான். அறுகரிசி போட அம்மம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கை நடுங்கியது, ஆனால் பெண்ணின் தலையில் சரியாகப் போட்டார், தோள், முழங்கால் எல்லாம் முறைப்படி.

சனிக்கிழமை குச்சவெளிக்குப் போனோம். போகும்போது அவரை வலப்பக்கத்தில் இருத்தவில்லை, கடலைப் பார்க்க மாட்டேன் என்று தானே இடப்பக்க யன்னலைப் பிடித்துக்கொண்டார், வயலையும் பனையையும் பார்த்துக்கொண்டு வந்தார். குச்சவெளியில் வானைத் திருப்பினோம். இறக்கக்கண்டிப் பாலத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலாவெளி தாண்டி மரங்களுக்கு இடையில் கடல் தெரியத் தெரிய, விரலால் யன்னலில் ஒவ்வொரு தடவையும் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. சாம்பல்தீவில் அவர்கள் வீடு இருந்த காணியில் இப்போது வேறு ஒரு குடும்பம் இருக்கிறது. இறங்குவோமா என்று கேட்டோம். "வேண்டாம், அவையள் சமைக்கிற நேரம்" என்றார். அதற்குப் பிறகு உப்புவெளி. டவுன் வந்தபோது, "இப்ப சரி" என்றார்.

அன்றிரவு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சாம்பல்தீவுப் பெடியன்

அக்கா, வாசித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அந்தக் காணிக்காரரை அம்மாவுக்குத் தெரியும், சமையல் நேரமானாலும் உள்ளே கூப்பிட்டிருப்பார்கள் என்று கவலைப்படுகிறார். அம்மம்மாவை இன்னொரு தடவை கூட்டி வாருங்கள்.

நல்லூர்த் தங்கச்சி

கூட்டி வரத் தேவையில்லை தம்பி, அவர் திரும்பி வரவே இல்லை. பெண் வீட்டாரோடு நாலாம் சடங்கு வரை நிற்கப் போகிறேன் என்று தங்கிவிட்டார். இப்போது அதுவும் முடிந்தது, இன்னும் ஒரு கிழமை என்கிறார். திரும்பி வந்த வானில் பத்துப் பேர்தான். உன் அம்மாவால் முடிந்தால் உவர்மலைக்கு ஒருக்கால் போய்ப் பார்க்கச் சொல். விலாசத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன்.

வவுனியா வான்காரன்

அடுத்த வியாழன் எனக்குத் திருகோணமலை ஓட்டம் இருக்கிறது, வெறும் வானோடுதான் திரும்புவேன். வவுனியா வரை கொண்டுவந்து விடுகிறேன், அங்கிருந்து நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போங்கள். காசு வேண்டாம். இடப்பக்க யன்னலை அவருக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.